சிவகாசிப் பிள்ளைகள்: பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதுமா?

சிவகாசி என்றவுடன் பட்டாசு, தீப்பெட்டி, நாட்காட்டி ஆகிய மூன்றும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1980களில் இந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காகச் செய்தித்தாள்களில் அடிபட்டது. அதுதான் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை. ஆலைக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிய கதை பலருக்கும் ஓரளவு தெரியும். அப்படி வந்த பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு மூன்று தடைகள் உண்டு. ஒன்று பசி, இரண்டு கூலி, மூன்று பாடம். முதல் இரண்டும் பள்ளிக்கு வெளியே நிற்பவை. மூன்றாவது வகுப்பறைக்கு உள்ளேயே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் வரலாற்றில் இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

பசி

விருதுநகரில் 1903-ஆம் ஆண்டு பிறந்த காமராஜர், சிறு வயதில் தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது மூடப்பட்டிருந்த பள்ளிகளைத் திறந்தார், புதிய பள்ளிகளைத் தொடங்கினார். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பள்ளிக்கு வந்தால் ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்ற நிலை உருவானது.

அப்படியிருந்தும் காமராஜர் பிறந்த மாவட்டத்திலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். ஏன்?

கூலி

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த இந்தப் பகுதியில் விவசாயத்தை நம்ப முடியாது. ஆனால் அதே வறண்ட வானிலை தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மிகவும் ஏற்றது. தொழில் வளர்ந்தது, ஊரும் வளர்ந்தது.

குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது போன்ற வேலைகளுக்குச் சிறு விரல்கள்தான் சரி என்று சொல்லப்பட்டது. எத்தனை முடிக்கிறார்களோ அதற்கேற்பக் கூலி. விடிவதற்கு முன்பே ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. 1983-ல் ஸ்மிது கோத்தாரி, எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் இதைப் பற்றி எழுதினார். 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்தப் பிள்ளைகளைத் திரையில் காட்டியது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது என்றது அது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. ஆகவே ஆலையில் செய்யக் கூடாத வேலையை வீட்டுத் திண்ணையில் செய்ய வழி இருந்தது!

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-ல் முதல் தீர்ப்பை அளித்தது. 1985 இறுதியில் அந்தப் பகுதியில் பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை செய்ததாகவும், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்றும் அதில் ஒரு கணக்கு உண்டு. இது பதிவேட்டில் இருந்தவர்களின் கணக்கு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். கூலி என்ற தடைக்கு நீதிமன்றம் கண்ட விடை இது.

பாடம்

1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 9 மாவட்டங்களில் தொடங்கியது. சிவகாசிப் பகுதியும் அவற்றில் அடங்கியது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிச் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, உதவித்தொகை, கைத்தொழில் பயிற்சி எல்லாம் இதில் இருந்தன. எழுதப் படிக்கக் கற்றபின் சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதுதான் நோக்கமாக இருந்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 11 வயதில் முதன்முதலாக எழுத்துக் கூட்டும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? சிறு பிள்ளைகளோடு வைத்தால் வெட்கம், வயதொத்தவர்களோடு வைத்தால் பாடம் புரியாது. புரியாத பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர். அந்தப் பெயர் வாங்கிய பிள்ளைக்கு ஆலைதான் எளிதாகத் தெரியும், ஏனென்றால் அங்கே அதன் கைக்கு மதிப்பு உண்டு.

இதே காலத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்வி வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1974-ல் மத்திய அரசு அவர்களைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1994-ல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 92 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, பிள்ளைக்கு ஏற்பப் பள்ளிதான் மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். உள்ளடக்கிய கல்வி என்பதன் சாரம் இதுவே. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும், அவரவருக்குத் தேவையான உதவி அங்கேயே கிடைக்க வேண்டும்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. 2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தில் டிஸ்லெக்சியா உள்ள சிறுவனுக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைக்கிறார். படத்தில் அவன் வசதியான வீட்டுப் பையன். அதே குறைபாடு பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இருந்திருந்தால்? ‘இதற்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லி வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். அது குறைபாடு என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இரண்டு பாதைகளும் மெல்ல ஒன்றுசேர்ந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தாமதமாக வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. 14 வயது தாண்டினாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை இலவசம். 2021-ல் குழந்தைத் தொழிலாளர் திட்டமே ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தோடு இணைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவியும் அதே திட்டத்தின் கீழ்தான் வருகிறது.

தமிழ்நாட்டு வகுப்பறைகளிலும் முயற்சிகள் நடந்தன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படியேற வழி செய்தது. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் கற்ற நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பித்தது.

2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளைத் தவிர 14 வயதுக்குட்பட்டோருக்கு எந்தத் தொழிலும் கூடாது, 18 வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்தான தொழில் கூடாது. சட்டம் கதவை அடைத்துவிட்டது. ஆனால் ஒரு பிள்ளை வகுப்பில் தங்குவது கதவு மூடியிருப்பதால் மட்டும் நடந்துவிடாது. 1991-ல் மைரன் வீனர் என்ற அமெரிக்க அறிஞர், இந்தியாவில் குழந்தைத் தொழில் நீடிப்பதற்கு வறுமையை விட, கல்வியைக் கட்டாயமாக்கத் துணியாத மனப்போக்கே பெரிய காரணம் என்று எழுதினார். அந்த மனப்போக்கின் இன்னொரு முகம்தான் ‘இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது’ என்ற பேச்சு.

பசியைப் போக்கச் சோறு போட்டார்கள். கூலியைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். பாடம் என்ற மூன்றாவது தடையை நீக்குவது ஆசிரியர்கள் கையிலும், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் சக மாணவர்கள் கையிலும் இருக்கிறது. மெதுவாகப் படிக்கும் நண்பனை ‘மக்கு’ என்று கூப்பிடாமல் இருப்பதே அதற்கு முதல் படி!