முதலில் மூச்சு: டீசல் வண்டியின் வலிமை வளர்ந்த வரலாறு



அமெரிக்க நாட்டில் 'பிக்கப்' என்னும் ஒருவகை வண்டி பெருவழக்கில் உள்ளது. முன்புறம் ஓட்டுநர் அறை. பின்புறம் திறந்த சரக்குத் தட்டு. உழவர் அதில் தீவனமும் வைக்கோற்கட்டும் ஏற்றுவர். குதிரை வளர்ப்போர், குதிரைகளை நிறுத்திய இழுவண்டியை அதன் பின்னே பூட்டி மலைப்பாதையில் ஏறுவர். இவ்வாறு பெரும்பாரம் இழுக்க வேண்டியவர்களுள் பலர் டீசல் எஞ்சின் கொண்ட பிக்கப்பையே நாடுகின்றனர்.

வண்டி வாங்கிச் சில காலம் சென்றதும், 'இதன் வலிமையை இன்னும் சற்றுக் கூட்டினால் என்ன?' என்ற ஆசை அவர்களுள் பலர்க்குப் பிறக்கிறது. சந்தையில் அதற்குரிய பொருள்களுக்குக் குறைவில்லை. பெரிய காற்று வடிகட்டி, அகன்ற புகைக்குழாய், எரிபொருளை மிகுதியாகச் செலுத்தும் மின்னணுக் கருவி, வெப்பம் காட்டும் மானி என்று பல உள்ளன. இவற்றுள் முதலில் வாங்கத்தக்கது எது? இக்கேள்வியின் விடையைப் பொறுத்தே கைப்பணமும், எஞ்சினின் ஆயுளும், அண்டையில் வாழ்வோரின் மூச்சும் அமைகின்றன. ஆதலின், விளம்பரங்களைக் கேட்பதற்கு முன் வரலாற்றைக் கேட்போம்.

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். அக்கால நீராவி எந்திரங்கள் நிலக்கரியின் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே வேலையாக மாற்றின. எஞ்சியது வெப்பமாய் வீணாயிற்று. இக்குறையைப் போக்க எண்ணிய டீசல், 1893இல் தம் கருத்துக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் பலமுறை முயன்றபின், 1897இல் அவருடைய எஞ்சின் வெற்றி கண்டது. எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்ட பங்கை அது வேலையாக்கியது எனச் சோதனையில் தெரியவந்தது. அந்நாளில் அது வியத்தகு செயல்.

அதன் இயக்கம் எளியதே. உருளைக்குள் காற்று மட்டும் முதலில் புகுகிறது. உந்துதண்டு அதனை நெருக்க, அக்காற்று கடுஞ்சூடு அடைகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டு அறிந்திருக்கின்றோம். இங்கு நிகழ்வதும் அதுவே. அச்சூட்டில் எரிபொருளைத் தெளித்ததும் அது தானாகவே பற்றிக் கொள்கிறது. தீப்பொறி வேண்டுவதில்லை. எனவே, டீசல் எஞ்சினில் காற்றே தீக்குச்சி; காற்றே மூச்சு. எரிபொருள் பின்னர் வரும் உணவு.

கொல்லன் உலையை இங்கு நினைத்துப் பாருங்கள். கரியை அள்ளி அள்ளிக் கொட்டினால் மட்டும் உலை கனன்று விடுவதில்லை. துருத்தி நின்றுபோனால் கரி புகைந்து கிடக்கும். துருத்தி ஊதினால் சிறிது கரியும் செந்தழலாகும். டீசல் எஞ்சினுக்குத் துருத்தி கண்டவர் ஆல்பிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் பேராற்றல் வீணாகிறதே என்று அவர் எண்ணினார். அப்புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரத்தால் புதுக்காற்றை நெருக்கி உருளைக்குள் செலுத்தலாம் என்பது அவர் கண்ட வழி. 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்று 'டர்போ' என வழங்குவது அதனையே. அது பயன்தரும் நிலையை அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுவில் ஜெர்மனியின் இரு பயணிகள் கப்பல்களில் அது பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின்கள் 2,500 குதிரைத்திறன் தரலாயின. மூச்சைப் பெருக்கியதால் வந்த பயன் இது.

1927இல் ராபர்ட் பாஷின் நிறுவனம், எரிபொருளை நுட்பமாக அளந்து தெளிக்கும் பம்புகளைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதன் பயனாக, கப்பலிலும் ஆலையிலும் இருந்த டீசல் எஞ்சின் சாலை வண்டிகளில் எளிதில் அமர்ந்தது.

அடுத்து நாம் காண வேண்டியது 1952ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த 500 மைல் கார்ப் பந்தயம். கம்மின்ஸ் நிறுவனம் டர்போ பொருத்திய டீசல் கார் ஒன்றை அங்கு அனுப்பியது. பாரவண்டிக்கு உரிய எஞ்சின் பந்தயத்திற்கு ஆகுமா எனப் பலர் ஐயுற்றிருக்கலாம். ஆனால் பிரெட் அகபாஷியன் என்பவர் அதனை ஓட்டி, தகுதிச் சுற்றுகளில் மணிக்கு 138 மைல் வேகம் கண்டு, முதல் வரிசையின் முதலிடத்தைப் பெற்றார்.

பந்தய நாளில் நிகழ்ந்தது வேறு. டர்போவிற்குக் காற்று புகும் வாய் தாழ்வாக அமைந்திருந்தது. தடத்தில் சிதறிக் கிடந்த டயர் ரப்பர்த் துகள்கள் அதனுள் ஏறி அடைத்துக் கொண்டன. எரிபொருள் இருந்தது, எஞ்சினின் உடலுறுதி இருந்தது, மூச்சு மட்டும் நின்றது. 200 சுற்றுகள் கொண்ட அப்பந்தயத்தில், 71ஆம் சுற்றிலேயே அக்கார் விலக நேர்ந்தது. பிக்கப் வண்டி வைத்திருப்பவர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

பிக்கப் வண்டிகளில் டீசல் பெருகியது, 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் 6.2 லிட்டர் டீசல் எஞ்சினை அளித்தது. அது டர்போ இல்லாதது. சிக்கனத்தையே நோக்கமாகக் கொண்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 130 குதிரைத்திறன் தந்தது. 1989ஆம் ஆண்டு மாதிரியில் டாட்ஜ் பிக்கப், கம்மின்ஸின் 5.9 லிட்டர் எஞ்சினுடன் வந்தது. அளவில் சிறியது, ஆயினும் டர்போ உடையது. அது 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தந்தது. பாரத்தைப் பெயர்த்து இழுப்பது இம்முறுக்குவிசையே. சில ஆண்டுகளில், நெருக்கப்பட்ட காற்றை உருளை புகுமுன் குளிரவைக்கும் கருவியும் அதனுடன் சேர்ந்தது. சூடான காற்று நெகிழ்ந்தது. குளிர்ந்த காற்று செறிந்தது. ஒரே இடத்தில் மிகுதியான மூச்சை அடக்கும் உபாயம் அது.

இனி, ஆசை வழிதவறும் இடத்திற்கு வருகின்றோம். பழைய பம்பில் ஒரு திருகைத் திருப்பினால் எரிபொருள் கூடும். பிற்கால வண்டிகளில் மின்னணுக் கருவி ஒன்றை இணைத்தால் அதுவே நிகழும். செலவு குறைவு, வலிமை உடனே தெரியும். ஆதலின் பலரும் இதனையே முதலில் நாடுவர். ஆனால் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் முற்றும் எரிவதில்லை. அது கரும்புகையாய் வெளிவருகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறுகிறது. உந்துதண்டின் அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியஸில் உருகும் உலோகம். பாரம் ஏற்றிய வண்டி நீண்ட மேட்டில் ஏறும்போது இவ்வெப்பம் எல்லை கடந்தால், ஒரே பயணத்தில் எஞ்சின் பாழாகலாம். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்க்கு அது முன்னறிவின்றியே நேரும். ஏனெனில், அவ்வெப்பத்தைக் காட்டும் மானி பல வண்டிகளில் இருப்பதில்லை.

எஞ்சினுக்கு அப்பாலும் தீங்கு உண்டு. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 2007 முதல் புதிய டீசல் பிக்கப்களில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டிகள் வந்தன. வலிமைக்காகச் சிலர் அவற்றைக் கழற்றி எறிந்தனர். அதற்கு முந்திய பத்தாண்டில் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் தூய்மைக் கருவிகள் அகற்றப்பட்டன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. தன் எஞ்சினுக்கு மூச்சுத் தேடுபவன், தெருவில் விளையாடும் குழந்தையின் மூச்சைப் பறித்தல் எவ்வாறு முறையாகும்?

ஆகவே, வரலாறு காட்டும் வரிசை இதுவாகும். முதற்செலவு வெப்பமானிக்கும், டர்போவின் அழுத்தம் காட்டும் மானிக்கும் உரியது. அவை வலிமையைச் சிறிதும் கூட்டா. ஆனால் உள்ள வலிமை எவ்வளவு, தாங்கும் எல்லை எங்கே என்பதைக் காட்டும். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவதில்லை அன்றோ? வெளியேறும் வாயு 675 பாகை செல்சியஸை நெருங்கினால், கால்மிதியைத் தளர்த்திக் கீழ்க்கியருக்கு மாறுவது அனுபவமுடையோர் வழக்கம்.

அதனுடன், மூச்சுப் பாதையைச் செம்மை செய்க. அடைபட்ட வடிகட்டியை மாற்றுதலும், தளர்ந்த குழாய் இணைப்புகளைக் கசிவின்றி இறுக்குதலும் பெருஞ்செலவின்றி முடிவன. பெரிய வடிகட்டி ஒன்றை மாட்டிய அளவிலே பெருவலிமை வந்துவிடும் என்று எண்ணுதல் வேண்டா. தூசியைத் தடுக்காத வடிகட்டி, டர்போவின் இதழ்களைத் தேய்க்கும் பகையாகும். இவற்றின் பின்னும் வலிமை போதாதெனில், காற்றுக் குளிர்விப்பானையும் புகைக்குழாயையும் கருதலாம். எரிபொருளைக் கூட்டுதல் இறுதியில் வரவேண்டும். அதுவும் சட்டம் இசைந்த கருவியால், தூய்மைக் கருவிகளைத் தொடாமல் நிகழவேண்டும். கலிபோர்னியா மாநிலக் காற்று வள வாரியம், ஆய்ந்து ஏற்ற பொருள்களுக்கு ஆணை எண் வழங்குகிறது. வாங்குவோர் அவ்வெண்ணைக் கேட்டு வாங்குதல் நலம்.

டீசல் சிக்கனத்தை நாடினார்; பூக்கி வீணாகும் புகையிலிருந்து மூச்சைப் பெருக்கினார். இருவரும் உள்ளதை வீணாக்காமல் வலிமை கண்டவர்கள். தம் வண்டிக்கு முதற்பொருள் வாங்கச் செல்பவர் அவ்வழியே செல்வாராயின், பாரமும் மேடேறும், எஞ்சினும் நிலைக்கும், பின்னே வருவோர் கண்ணிலும் புகை படியாது.