குலைந்த எழுத்தின் பூர்வீகம்

வலைச்செயலியின் படிவத்தில் தமிழில் தட்டிய பெயர், தலையில் கோடிட்ட லத்தீன் ‘ஏ’க்களின் வரிசையாகச் சிதைந்தால் நிரலரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது வழக்கம். ஜாவா வலைச்செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. யூடிஎஃப்-8 என்ற பன்மொழிக் குறியாக்கத்தில் ‘அ’ மூன்று பைட். ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் எந்த எழுத்தும் ஒரே பைட். முன்னதில் எழுதியதைப் பின்னதாக வாசித்தால் ஓர் அகரம் மூன்று துண்டாகும். குறியாக்கம் அறிவிக்கப்படாத உரைக்கு அந்த வாசிப்பையே இயல்பாக வைத்தது 1999-இன் எச்டிடிபி விதிநூல்; டாம்கேட் பின்பற்றும் ஜாவா சர்வ்லெட் விதிமுறையும் அதன் வழியே சென்றது.

வலை பிறந்தது ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில். அன்றைய பயனருக்கு மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் போதுமே என்பார்கள். தொடக்கத்துக்கு நியாயம்தான். ஆனால் யூடிஎஃப்-8 1992-லேயே உருவாகிவிட்டது. 2001-இல் சர்வ்லெட் 2.3, குறியாக்கத்தை நிரலிலேயே மாற்ற வழி தந்ததே என்றும் கேட்கலாம். அந்த வழி, உலாவி அனுப்பும் கோரிக்கையின் உடலுக்கு மட்டும். அதுவும் உள்ளீட்டை வாசிக்கும் முன்பே அழைத்தால்தான். முகவரியோடு ஒட்டிவரும் தேடல்சொல்லுக்கு சர்வர் அமைப்புக் கோப்பில் தனியே ஒரு வரி வேண்டும். பெரும்பாலும் அது நிர்வாகியின் கோப்பு: பழி ஒருவருக்கு, சாவி இன்னொருவரிடம்! டாம்கேட் 8-இல்தான் முகவரிக்கு யூடிஎஃப்-8 இயல்பானது. 2014-இன் எச்டிடிபி விதிநூலும் பழைய இயல்பைக் கைவிட்டது. படிவத்தை ஏந்திவரும் கோரிக்கையின் உடலுக்கோ, டாம்கேட் 8-இலும் ஐரோப்பிய வாசிப்பே நீடித்தது.