மக்கள் கேட்டது எது?

மக்கள் விரும்புவதையே நாம் வழங்குகிறோம் என்பது, கலையை விற்பனைப் பண்டமாக்கியோர் எக்காலத்தும் கூறிவரும் நியாயம். தென்னிந்திய வர்த்தகச் சஞ்சிகைகள் ஈழத்துக் கடைகளில் மலிந்திருந்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் எழுத்தாளர் இதனைக் கேட்டுச் சலித்தனர். இன்று அதே நியாயம் 'ரியாலிட்டி' நிகழ்ச்சிகளுக்கு அரணாக நிற்கிறது. பூட்டிய வீட்டினுள் மனிதரை அடைத்து அவர்தம் பிணக்குகளை நாள்தோறும் காட்டும் 'பிக் பாஸ்' 2017இல் தமிழுக்கு வந்தது. நிகழ்ச்சி தரம் தாழ்ந்துவிட்டதே என்றால், சனங்கள் அதைத்தானே கேட்கிறார்கள் என்று பதில் வருகிறது. மக்கள் உண்மையில் எதைக் கேட்டார்கள்? அதன் மூலநிகழ்ச்சி பிரித்தானியாவில் வளர்ந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

'பிக் பிரதர்' 1999 செப்ரெம்பரில் ஒல்லாந்தில், எண்டமோல் என்னும் கம்பனியின் கையிற் பிறந்தது. ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலில் கண்காணிப்பின் கொடுமைக்குச் சூட்டிய பெயர், இங்கே கேளிக்கையின் பெயராயிற்று. நாடகாசிரியர் வேண்டாம், நடிகர் வேண்டாம். ஒரு வீடும் கமராக்களும் புகழுக்கு ஏங்கும் சில மனிதரும் போதும். யார் வெளியேறவேண்டும், யார் வெல்லவேண்டும் என்பதைப் பார்வையாளர் தம் காசைச் செலவிட்டுத் தொலைபேசி மூலம் தீர்மானிப்பர். 2000ஆம் ஆண்டில் எண்டமோலை ஏறத்தாழ 550 கோடி யூரோவுக்கு வாங்கியது படத்தயாரிப்பு நிறுவனமன்று. டெலிபோனிக்கா என்ற ஸ்பானியத் தொலைபேசிக் கம்பனி. தொலைபேசி வியாபாரி இதில் எதைக் கண்டான் என்று ஊகித்தல் கடினமன்று.

அவ்வாண்டிலேயே பிரித்தானியாவில் இதனை ஒளிபரப்பத் தொடங்கியது சனல் 4. ஆம், பின்னாளில் வேறொரு காரணத்தால் நம்மவர் நன்கறிந்த அதே சனல் 4 தான். 2003இல் நடந்த நான்காம் தொடர் நமது ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. அதில் வென்றவர் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவைச் சேர்ந்த மீன் வியாபாரி. தெய்வபக்தியுள்ள, சாந்தமான மனிதர். மக்கள் வாக்களித்து முடிசூட்டியது அத்தகைய ஒருவருக்கே. ஆனால் அந்தத் தொடர் சுவையற்றது என்ற பேச்சு எழுந்தது; பார்த்தவர் தொகை முந்திய ஆண்டிலும் குறைந்தது. தயாரிப்பாளர் இவ்விரண்டில் எதனைச் செவிமடுத்தனர்? அடுத்த ஆண்டுத் தொடர் கொடியதாக இருக்கும் என்று அவர்களே பறைசாற்றினர். 2004இல், வெளியேற்றப்பட்டதாக நம்பவைக்கப்பட்ட இருவரை மறைவாக வைத்து, ஏனையோர் அவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்கச் செய்து, மீண்டும் வீட்டினுள் விட்டனர். அன்றிரவு கைகலப்பு மூண்டது; நேரடி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது; பொலிஸ் விசாரணை வரை போயிற்று. பார்வையாளர் தொகையின் வீழ்ச்சியும் நின்றது. ஆனால் அதே தொடரின் இறுதியில் 74 வீத வாக்குகள் பெற்று வென்றவர் போர்த்துக்கலில் பிறந்த ஒரு திருநங்கை. சமூகம் ஏளனம் செய்யும் ஒருவரை அச்சமூகமே அன்புடன் தேர்ந்தெடுத்தது.

ஆகவே மக்களின் விருப்பம் என்பது ஒருமுகமானதன்று. வாக்கு ஒன்று கூறுகிறது. பார்த்தவர் கணக்கு வேறொன்று கூறுகிறது. விளம்பரதாரருக்கு விற்கப்படுவது இரண்டாவது. எனவே 'மக்கள் கேட்டார்கள்' என்னும்போது, கேட்ட மக்களைவிட எண்ணப்பட்ட தலைகளே கருதப்படுகின்றன.

2007 ஜனவரியில் இந்த முரண்பாடு வெடித்தது. பிரபலங்களுக்கான தொடரில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியை ஜேட் கூடியும் அவர் தோழிகளும் இனத்துவேஷம் தோன்ற இழிவுபடுத்தினர். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒவ்கொம் சபைக்கு 44,500 முறைப்பாடுகள் குவிந்தன. அதுவரை அச்சபை கண்டிராத தொகை அது. பார்ப்போர் தொகையும் கூடவே ஏறியது. நிறுவனமோ இதனை வர்க்க, கலாசார மோதல் என்று விளக்க முற்பட்டது. (வர்க்கம் என்ற சொல் முதலாளிகளின் நாவில் எழுவது இத்தகைய வேளைகளில் மட்டுமே.) நிலைமை மாறியது, அனுசரணை வழங்கிய கைத்தொலைபேசி விற்பனைக் கம்பனி தன் பணத்தை நிறுத்தியபோதுதான். வாக்காளர் 82 வீதத்தால் கூடியை வெளியேற்றி, 63 வீதத்தால் ஷெட்டியை வெல்லச் செய்தனர். மே மாதத்தில் ஒவ்கொம் தன் கண்டனத்தைச் சனல் 4 இலேயே மும்முறை வாசிக்கவைத்தது. பங்குபற்றுவோரின் நலனைப் பேணுமாறு பணிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரலில் தான். அதற்கிடையில் உயிர்களும் போயின.

ஜேட் கூடியின் கதை இன்னும் எஞ்சியுள்ளது. லண்டனின் பேர்மண்ட்சி என்னும் தொழிலாளர் பகுதியில் 1981இல் பிறந்து, பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். 2002ஆம் ஆண்டுத் தொடரில் அவருடைய அறியாமையையும் உடலையும் பரிகசித்துப் பத்திரிகைகள் பன்றி என்றே எழுதின. பின்னர் அவையே அவரை உயர்த்தின. 2007இல் மீண்டும் வீழ்த்தின. அவமதித்தமை அவருடைய குற்றமே. அதை நாம் மறைக்கவில்லை. எனினும் அந்த அறியாமையை ஐந்தாண்டுகள் விற்றுப் பணம் ஈட்டியோர் எவரும் அவரளவுக்கு இழக்கவில்லை. 2008 ஆகஸ்டில், ஷெட்டி தொகுத்து வழங்கிய இந்தி 'பிக் பாஸ்' வீட்டினுள் அவர் சென்றார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் கண்டிருப்பதாக அங்கேதான், கமராவின் முன்னிலையில், அவருக்கு அறிவிக்கப்பட்டது. தம் இரு மகன்மாரின் எதிர்காலத்துக்காகத் தம் இறுதி மாதங்களையும் தொலைக்காட்சிக்கும் சஞ்சிகைகளுக்கும் விற்று, 2009 மார்ச் 22இல், 27 வயதில் அவர் இறந்தார்.

அவரைப் பார்த்துச் சிரித்தும், வெறுத்தும், வாக்களித்தும் வந்த அதே மக்களிடையே, 2008 நடுப்பகுதி தொடக்கம் ஓராண்டுக்குள், இங்கிலாந்தில் வழக்கத்திலும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாகக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குச் சென்றனர். இந்தத் தொகையை எந்த விளம்பரதாரரும் விலைபேசவில்லை.