வரைபடத்தில் இருந்த சவக்காலை

ஒரு காணியில் கட்டடம் எழும்ப முன்னம் தொல்லியல்காரர் வந்து ரெண்டு மூண்டு சோதனைக்குழி வெட்டிப் பாத்திட்டுப் போறதை நான் கனகாலம் ஒரு சடங்கு எண்டுதான் நினைச்சிருந்தன். ஃபைலில ஒரு கடதாசி கூடும், அவ்வளவுதான். நியூயோர்க் நகரத்தின் 290, புரோட்வே என்ற காணியின் கதையை வாசிச்ச பிறகு அப்பிடி நினைக்க ஏலாமல் போச்சு.

மன்ஹட்டனின் தெற்குப் பகுதியில், நகர மண்டபத்துக்குக் கிட்ட இருக்கிற இடம் அது. அங்கே 34 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்ட அமெரிக்க மத்திய அரசு திட்டமிட்டது. மத்திய அரசின் காசில் நடக்கும் வேலை எதுவானாலும், வரலாற்றுச் சின்னங்களுக்கு அதால் என்ன பாதிப்பு வரும் என்று முதலில் பார்க்கவேணும் என்பது அங்கே 1966 முதல் சட்டம். அதன்படி ஆலோசகர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தார்கள். 1755 ஆம் ஆண்டு வரைபடத்தில் அந்த இடம் பெயரோடேயே குறிக்கப்பட்டிருந்தது: நீக்ரோக்களின் சவக்காலை.

அதாவது ஒருத்தருக்கும் தெரியாத இரகசியம் ஒண்டும் இல்லை. ஆனால் அறிக்கை என்ன சொன்னது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழும்பிய கட்டடங்களுக்கு நிலக்கீழ் அறைகள் வெட்டியிருக்கிறார்கள், அதனால் புதைகுழிகள் பெரும்பாலும் அழிந்திருக்கும், பழைய ஒழுங்கை ஒன்றுக்குக் கீழே வேணுமெண்டால் ஏதும் மிஞ்சியிருக்கலாம் என்றது. அந்த ஊகத்தை நம்பிக் காணி வாங்கப்பட்டது, கட்டட வேலைக்கு நாளும் குறிக்கப்பட்டது. சோதனைக்குழி வெட்டத் தொடங்கினது அதுக்குப் பிறகு, 1991 இல்.

பிழைச்ச கணக்கு ஒன்று இருந்தது. அந்த நிலம் ஒரு காலத்தில் பள்ளமும் சரிவுமாகக் கிடந்தது. நகரம் வடக்கே பெருகினபோது வீதிகளை மட்டப்படுத்த அதில் மண் நிரப்பினார்கள். சில இடங்களில் 20 அடிக்கும் மேலே. நிலக்கீழ் அறைகள் வெட்டினவர்கள் அந்த நிரப்பு மண்ணைத்தான் வெட்டியிருக்கிறார்கள். அதுக்குக் கீழே ஆக்கள் அப்பிடியே கிடந்திருக்கினம்.

யார் இவர்கள்? 1620களில் ஒல்லாந்தர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களும், அவர்களின் வழிவந்தவர்களும், 1664 இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடிச்ச பிறகு கப்பல்களில் வந்து இறங்கினவர்களும். (1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச அதே ஒல்லாந்தர்தான், கொம்பனி மட்டும் வேறை.) இண்டைக்கு வோல் வீதி என்று உலகம் அறிஞ்ச இடத்தில் நின்ற மதிலைக் கட்டினதிலும் இந்த அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. 1697 இல் டிரினிட்டி தேவாலயம் தன் சவக்காலையில் கறுப்பினத்தவரைப் புதைக்கக்கூடாது என்று தடை போட்டது. ஊருக்கு வெளியே கிடந்த இந்த நிலத்தில்தான் அவர்கள் தங்கட ஆக்களைப் புதைச்சார்கள். இரவில் புதைக்கக்கூடாது, பன்னிரண்டு பேருக்கு மேலே செத்தவீட்டுக்குக் கூடக்கூடாது என்று பிறகு அதுக்கும் சட்டங்கள் வந்தன. 1790களில் சவக்காலை மூடப்பட்டு, நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 15,000 பேர் வரை அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு.

1991 ஒக்டோபரில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட செய்தி வெளியில் வந்தது. கட்டட வேலை நிற்கவில்லை. ஒரு பக்கம் அகழ்வு, மற்றப் பக்கம் இயந்திரம். 1992 பெப்ரவரியில் அத்திவாரத்துக்குக் கொங்கிறீற் போடப்போய்ச் சில புதைகுழிகள் அழிஞ்சு போச்சு. கறுப்பின மக்கள் வீதிக்கு வந்தார்கள். நகரத்தின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டிங்கின்ஸும் அவர்களோடு நின்றார். அந்த ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர் கஸ் சாவேஜ் நடத்திய விசாரணைக்குப் பிறகுதான் தோண்டுறது நிண்டது. அதுக்குள்ளே 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டுவிட்டன.

எலும்புகள் ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கேள்விகளும் மாறின. இவை எந்த இனத்தின் எலும்புகள் என்று அளந்து பார்ப்பதோடு நிற்க மைக்கல் பிளேக்கியின் குழுவுக்கு விருப்பமில்லை. எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று வழித்தோன்றல்களோடு கூடிப்பேசிக் கேள்விகளை அமைத்தார்கள். பதில்களை வாசிக்கிறது லேசில்லை. கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிள்ளைகள். தாங்கேலாத பாரம் சுமந்ததால் தசைகள் எலும்பிலிருந்து பிய்ந்த அடையாளங்கள். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட மணிகளும் சோகிகளும் இருந்தன. அவவின் பற்கள் ஆபிரிக்க வழக்கப்படி அராவப்பட்டிருந்தன. அடிமைகளைப் பற்றி எசமானர்கள் எழுதி வைச்ச கணக்குப் புத்தகங்களில் இந்த மணிகளைத் தேடிப் பயனில்லை.

இதை வாசிக்கேக்கை எனக்கு மன்னார்தான் ஞாபகம் வந்தது. 2018 இல் நகரின் நடுவில் சதொச கட்டடத்துக்கு மண் வெட்டி, அந்த மண் வெளியில் போன பிறகுதான் எலும்புகள் கண்ணில் பட்டன. 300க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சில மாதிரிகளைப் பார்த்து 15 முதல் 17 ஆம் நூற்றாண்டு வரையானவை என்றது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அந்தக் குழியடிக்கு வந்து நிண்ட அம்மாமாருக்கு அந்தப் பதில் போதவில்லை. ரெண்டு இடமும் ஒண்டு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ரெண்டிலும் இயந்திரம் முந்திவிட்டது.

எனக்குச் சோதனைக்குழியில் கோபமில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. காசைக் கட்டி, நாள் குறிச்ச பிறகு வெட்டின குழி என்ன சொன்னாலும் அது இடைஞ்சலாகத்தான் கேட்கும். வரைபடத்தைக் கண்ட அன்றைக்கே நாலு குழி வெட்டி, அந்த மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டடத்தின் படத்தையே மாத்திக் கீறியிருக்கலாம்.

2003 ஒக்டோபரில் அந்த 419 பேரும் கானாவில் செதுக்கப்பட்ட மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டு, வொஷிங்டனிலிருந்து ஊர் ஊராக அஞ்சலி வாங்கி, அதே காணிக்குத் திரும்பி வந்தார்கள். 2006 இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கோபுரமும் கட்டி முடிஞ்சு பக்கத்திலேயே நிற்கிறது, கட்டடத்தின் ஒரு பகுதியைத்தான் கைவிட்டார்கள். புல் மூடின ஏழு மேடுகளுக்குக் கீழே அந்த 419 பேர். மிச்ச ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றியுள்ள வீதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கீழே இன்னும் இருக்கினம்.