இந்திய–இலங்கை வேளாண், உணவுப்பொருள் வணிகம்

பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே அரிசி, வெங்காயம், மிளகாய், மிளகு, கிராம்பு, கொட்டைப்பாக்கு முதலியவை கைமாறி வரும் நெடுங்கால வணிகம். விளைச்சலும் தேவையும் இதை வளர்த்தன. கடந்த நூறாண்டில் இதன் போக்கைப் பெரிதும் மாற்றியவை இரு அரசுகளின் தீர்வைகளும் தடையாணைகளுமே.

தொன்மை

ஈழத்து உணவுப்பொருள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. டச்சுக்காரர் காலத்தில் இலங்கைக் கொட்டைப்பாக்கு தென்னிந்தியாவுக்குச் சென்றது. சோழமண்டலக் கரையிலிருந்து அரிசியும் துணியும் வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக விளங்கியது.

தோட்டக் காலம்

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்தில் காப்பியும், பின்னர் தேயிலையும் பரவின. தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளருக்கான அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியானது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலுடன் ரயில் பாதை இணைந்தது. தூத்துக்குடித் தோணிகளும் கொழும்புக்கு வெங்காயம் முதலிய சரக்குகளை ஏற்றிச் சென்றன.

கட்டுப்பாடும் திறப்பும்

1970–77 காலத்தில் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் நல்ல விலை கிடைத்து, யாழ்ப்பாணத் தோட்டக்காரர்கள் தழைத்தனர். 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் அந்த விலை சரிந்தது.

தடையற்ற வணிக ஒப்பந்தம்

1998 டிசம்பர் 28இல் கையெழுத்தான இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைத் தேயிலைக்கு இந்தியா அளித்த சலுகை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்ற வரம்புக்கு உட்பட்டது. மிளகுக்கு 2,500 டன் என்ற ஒதுக்கீடு பின்னர் வந்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக நுழைந்து விலையைக் கெடுக்கிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யக் கூடாதென ஆணையிட்டது. இலங்கையில் உண்மையாகவே விளைந்த மிளகுக்கும் அந்த ஆணை பொருந்தியது.

நெருக்கடிக் காலம்

2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது, உணவு, மருந்து முதலியவற்றை வாங்க இந்தியா 100 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் அனுப்ப முன்வந்தது. 2023 டிசம்பரில் உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுக்க இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. பம்பாய் வெங்காயம் எனப்படும் இந்தியப் பெரிய வெங்காயத்தை நம்பியிருந்த இலங்கைக் குடும்பங்களுக்கு அது பெருஞ்சுமையானது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் அனுப்ப விலக்கு அளிக்கப்பட்டது.

மதிப்பீடு

தன் மக்களைக் காக்க ஒரு நாடு இடும் ஆணை, மறுகரை உழவரின் வருவாயையோ அடுப்படிச் செலவையோ நேராகத் தாக்குவதை இவ்வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. தடை விதிக்கும் முன் அறிவிப்பதும், அண்டை நாட்டுக்குக் குறைந்தபட்ச அளவை உறுதிசெய்வதும் இவ்வணிகம் நிலைக்க இன்றியமையாதவை.