பெட்டிக்குள் கிடக்கும் வாழைமர நோட்டு



உங்கள் வீட்டில் பாட்டன் பூட்டன் காலத்து டிரங்குப் பெட்டி இருக்கிறதா? அதன் அடியில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கிடந்தால், "செல்லாத காசுதானே" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது நம்மவர் மரம் சீவி வாங்கிய கூலியாக இருக்கலாம்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிறகு ஜப்பான்காரன் நோட்டுதான் புழக்கத்தில் வந்தது. கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கத்தின் வாக்குறுதியும் பத்து வெள்ளித் தாளில் அச்சாகியிருந்தது. ஆனால் கணக்கில்லாமல் அச்சடித்ததால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. அரிசி எட்டாக்கனியானது. நம்மவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1945-இல் ஆயிரம் வெள்ளி நோட்டே வந்துவிட்டது! அந்த ஆண்டின் நூறு வெள்ளி நோட்டில் இருப்பது யார் தெரியுமா? ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள்!

1945 செப்டம்பர் 9-இல் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியது. ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மூட்டை கட்டி வைத்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். போருக்கு முந்திய மலாயா நோட்டை ஒளித்து வைத்தவர்கள் தப்பினார்கள்.

இன்று இவற்றைச் சேகரிப்போர் உண்டு. எது அரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. கோடிக்கணக்கில் அடித்த நோட்டு இன்னும் நிறையக் கிடைக்கிறது. முதலில் எழுத்தைப் பாருங்கள். 'எம்' என்று தொடங்கினால் மலாயா. 'பி' என்றால் பர்மா. அடுத்து எண்ணைப் பாருங்கள். ஆரம்பத்தில் வந்த ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் போட்டார்கள். ஆகவே எண் உள்ளதே அரியது. மடிப்பும் கிழிசலும் இல்லாவிட்டால் மதிப்பு இன்னும் கூடும். போலிகளும் உண்டு, ஏமாறாதீர்கள். நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள்.

மாணவர்களே! கோலாலம்பூரில் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்திற்குப் போனால் நம் நாட்டுப் பணத்தின் கதையைக் காணலாம். ஆனால் உங்கள் வீட்டு நோட்டின் கதை அங்கே இருக்காது. இன்றே பெரியவர்களைக் கேளுங்கள். அது யார் கூலி, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி, நோட்டோடு சேர்த்து வையுங்கள். கடைக்காரர் சொல்லும் விலை எதுவானாலும், அந்தத் தாளைப் போல இன்னொன்று உலகில் கிடையாது.