மிகை நேரமும் நடுவுநிலையும்

வடசென்னையில் 'ஓவர்டைம்' என்னும் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பட்டையில் ஆலைச் சங்கின் ஒலி கேட்டு எழுந்து, ஆலைச் சங்கின் ஒலி கேட்டு உறங்கிய தலைமுறைகள் பல. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, உணவு இடைவேளை போதவில்லை என்பது அவர்தம் முதற்குறைகளுள் ஒன்றாய் இருந்தது. கூலிக்கு முன்னரே நேரத்தைக் குறித்த வழக்கு இம்மண்ணில் எழுந்துவிட்டது எனலாம். பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கும் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கும் மேற்பட்ட உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம் என்று விதித்தது. வரையறுத்த நேரம் முடிந்த பின்னரும் ஒருவன் உழைக்க நேர்ந்தால், அவ்வுழைப்பு வீணாகலாகாது என்பதே இவ்விதியின் உட்கிடை.

இதே கேள்வி விளையாட்டுத் திடலிலும் எழுகின்றது. கால்பந்தாட்டத்திற்கு வரையறுத்த நேரம் 90 நிமிடம். அதற்குள் வெற்றி தோல்வி முடிவாகவில்லையெனில் 30 நிமிடம் கூடுதலாக ஆடுகின்றனர். அதன் பின்னும் சமநிலை நீடித்தால் பெனால்டி உதைகளால் முடிவு காண்கின்றனர். இம்முறை நடுவுநிலைமை உடையதுதானா? மாற்றத்திற்கு இடம் உண்டா?

திடலும் வாழ்வும்

வடசென்னைக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. சென்னைக் கால்பந்து வரலாற்றில் துறைமுகம், சுங்கத்துறை, இரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே, வங்கிகள் ஆகியவற்றின் அணிகளுக்குத் தனியிடம் உண்டு. அவ்வணிகளில் இடம்பெறுவது அந்நிறுவனங்களில் வேலை பெறுவதற்கும் வழியாய் அமைந்தது. வியாசர்பாடியின் குறுகிய திடலில் வெறுங்காலுடன் பந்தை உதைக்கத் தொடங்கும் சிறுவனுக்குக் கால்பந்து கல்விக்கும் வேலைக்கும் செல்லும் பாதையாகத் தெரிகின்றது. அப்பகுதியினின்று எழுந்த தனபால் கணேஷ், 2018இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இடம்பெற்றவர். இத்தகைய சிறுவர் கையில் கிடைக்கும் போட்டிச் சான்றிதழில் 'முதலிடம்' என்று எழுதுவதா 'இரண்டாமிடம்' என்று எழுதுவதா என்பதை ஒரே ஓர் உதை முடிவு செய்யுமாயின், அந்த உதைக்குரிய விதியை ஆராய்தல் கடனாகின்றது.

குலுக்கலும் குடவோலையும்

சமநிலையில் முடிந்த ஆட்டத்தை மற்றொரு நாள் மீண்டும் ஆடுவதே தொன்மையான முறை. 1871இல் தொடங்கிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் இவ்வழக்கம் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகவே, 2024-25 பருவம் முதல் முதற்சுற்றிலிருந்து மறு ஆட்டமுறை கைவிடப்பட்டது.

மறு ஆட்டத்திற்கு நாள் இல்லாதபோது திருவுளச் சீட்டையும் நாணயத்தையும் நாடினர். 1968இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் 120 நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. நாணயம் சுண்டப்பட்டது. இத்தாலி இறுதிக்குச் சென்றது. அதே கோப்பையின் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்தபோது மட்டும் மறு ஆட்டம் நடைபெற்றது. ஒரே போட்டியில் ஓரணிக்கு நாணயம், மற்றோரணிக்கு மறு ஆட்டம். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் பல்கேரியாவுடன் சமநிலை கண்ட இசுரேல், குலுக்கலில் தோற்று வெளியேறியது.

குலுக்கல் தமிழர்க்குப் புதிதன்று. முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதனை நீதியான முறையென்றே ஊரவை கருதியது. ஆயின் ஒரு வேறுபாடு ஈண்டுக் கருதத்தக்கது. குடவோலையில் தகுதி முதலில் ஆராயப்பட்டது. அதன் பின்னரே குடம் வந்தது. குடத்தில் இடப்பட்ட பெயர்களுக்கு உரியோர் ஒருவரோடொருவர் பொருது களைத்தவர் அல்லர். திடலிலோ 120 நிமிடம் ஒருவரையொருவர் எதிர்த்து உழைத்தோர்க்கு இறுதியில் நாணயம் கூலியாகின்றது. தொடக்கத்தில் நிற்கும் குலுக்கல் யாருடைய உழைப்பையும் பறிப்பதில்லை. முடிவில் நிற்கும் குலுக்கல் இருவர் உழைப்பையும் பொருளற்றதாக்குகின்றது.

இசுரேல் நாட்டுக் கால்பந்து நிருவாகி யோசெஃப் தகான், தம் அணிக்கு நேர்ந்ததைக் கண்டு பெனால்டி உதை முறையை முன்மொழிந்தார். மலேசியாவைச் சேர்ந்த கோ இவே தெய்க் அதனை உலக அமைப்பில் எடுத்துரைத்தார். கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு வாரியம் 1970 ஜூனில் அதனை ஏற்றது. நாணயத்தினும் காலே மேல் என்னும் அளவில் இது பெரும் முன்னேற்றமே. கால்பந்தின் இன்றைய முடிவுமுறை ஆசிய நாட்டார் இருவர் முயற்சியால் உருப்பெற்றது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

விதியின் எழுத்தும் விதியின் உயிரும்

1993இல் 'தங்க கோல்' முறை அறிமுகமாயிற்று. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்த அக்கணமே ஆட்டம் முடியும். துணிவுடன் தாக்கி ஆடுவர் என்று எதிர்பார்த்தனர். ஒரு பிழை நேர்ந்தால் மீள வழியில்லை என்னும் அச்சத்தால் அணிகள் தற்காப்பில் ஒடுங்கியதே பெரும்பாலும் கண்ட பயன். 1996 ஐரோப்பிய இறுதியில் ஜெர்மனியின் பியர்ஹாஃப் அடித்த கோலும், 1998 உலகக் கோப்பையில் பராகுவேக்கு எதிராகப் பிரான்சின் பிளாங்க் அடித்த கோலும் இம்முறையால் புகழ்பெற்றன. எனினும் 2004இல் இது கைவிடப்பட்டது.

இவ்விதி எத்துணை விபரீதத்திற்கு இடந்தந்தது என்பதை 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோசும் கிரெனடாவும் ஆடிய ஆட்டம் காட்டிற்று. அப்போட்டியில் தங்க கோல் இரண்டு கோலாகக் கணக்கிடப்பட்டது. பார்படோசு அடுத்த கட்டத்திற்குச் செல்ல இரண்டு கோல் வேறுபாட்டில் வெல்ல வேண்டும். 2-1 என முன்னிலையில் இருந்த அவ்வணி, ஆட்டம் முடியும் தறுவாயில் தன் கோலிலேயே பந்தை அடித்துச் சமநிலை ஆக்கிற்று. உடனே கிரெனடா ஆட்டக்காரர் தம் கோலில் தாமே அடிக்க முயன்றனர். ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றாலும் அவர்க்கு வழி திறக்கும். பார்படோசு அணியினர் இரு பக்கக் கோல்களையும் காத்து நின்றனர். பின்னர்க் கூடுதல் நேரத்தில் தங்க கோல் அடித்துத் தாம் வேண்டிய வேறுபாட்டைப் பெற்றனர். விதியை அவர் மீறினார் அல்லர். விதியே அவ்வாறு ஆடச் சொல்லிற்று.

திருவொற்றியூர்க்காரர்க்கு இது கேட்டறியாத கதையன்று. சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டிய சுந்தரர், சன்னிதியில் சூளுரைக்கும் வேளையில் மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டினார். சங்கிலியாரோ மகிழடியிலேயே சூளுரைக்கக் கேட்டார். சூளை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்று பெரியபுராணம் கூறும். எழுத்தைக் காத்து உயிரை விடும் எண்ணம் அடியார்க்கும் எழுந்தது. அவ்வெண்ணம் எழாதவாறு விதியை அமைத்தல் விதி செய்வோர் பொறுப்பு.

மீண்டும் நுழைந்த நாணயம்

பெனால்டி உதை நாணயத்தை வெளியேற்றியது என்பது முழு உண்மையன்று. எந்த அணி முதலில் உதைப்பது என்பதைப் பூவா தலையாவே முடிவு செய்கின்றது. 129 முடிவுகளை ஆராய்ந்த பலாசியோஸ்-ஹுவெர்தா, அபெஸ்தெகுவியா என்னும் பொருளியலறிஞர் இருவர், முதலில் உதைத்த அணி சுமார் 60 விழுக்காடு வென்றது என 2010இல் வெளியிட்டனர். எதிரணி கோல் அடித்தபின் அதை ஈடுசெய்ய வேண்டிய நெருக்கடி இரண்டாவதாக உதைப்பவன் மேல் விழுகின்றது என்பது அவர் கருத்து. 540 முடிவுகளைக் கொண்ட பிறிதோர் ஆய்வு அவ்வேறுபாடு 53 விழுக்காட்டளவே என்றும், அது உறுதியான சான்றாகாது என்றும் மறுத்தது. 2022 உலகக் கோப்பை இறுதியில் முதலில் உதைத்த பிரான்சு தோற்றதும் உண்டு. ஆகவே முதல் உதை வெற்றியைத் தந்தே தீரும் என்று கூறுதற்கில்லை. ஐயம் உளது என்பது மட்டும் தெளிவு. அந்த ஐயத்தைப் போக்க எளிய வழியும் உண்டு. முதல் அணி ஒருமுறை, இரண்டாம் அணி இருமுறை, மீண்டும் முதல் அணி இருமுறை என மாறிமாறி உதைக்கும் முறை 2017இல் சோதிக்கப்பட்டது. சிக்கலானது என்று மறு ஆண்டே கைவிடப்பட்டது.

அமெரிக்கர் தம் நாட்டுக் கால்பந்தில் இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டனர். 2022 ஜனவரியில் கன்சாசு நகர அணி நாணயத்தில் வென்று, கூடுதல் நேரத்தின் முதல் வாய்ப்பிலேயே வெற்றியை முடித்தது. பஃபலோ அணியின் தாக்குவோர்க்குப் பந்தைத் தொடும் வாய்ப்பே கிட்டவில்லை. சுமார் இரண்டு மாதத்தில், இறுதிக்கட்ட ஆட்டங்களில் இரு அணிக்கும் வாய்ப்பு உறுதி என விதி மாறியது. 2025இல் அது வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் விரிந்தது. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் பவுண்டரிகளின் எண்ணிக்கையால் நியூசிலாந்து கோப்பையை இழந்ததும், சில மாதங்களில் அவ்விதி நீக்கப்பட்டதும் தமிழ் வாசகர் அறிந்ததே. நூறாண்டு மரபு என்பதால் ஒரு விதி நீதியாகிவிடாது என்பதற்கு இவை சான்று.

பகிர்ந்த கோப்பை

இந்தியக் கால்பந்துக்கு மற்றொரு மரபும் உண்டு. 1974 ஆசிய இளைஞர் கோப்பையை இந்தியாவும் ஈரானும் பகிர்ந்துகொண்டன. 1978இல் கோயம்புத்தூரில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பையில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரண்டும் கூட்டு வெற்றியாளர் ஆயின. பகைமைக்குப் பெயர்பெற்ற அவ்விரு கழகங்களும் தமிழ் மண்ணில் ஒரே கோப்பைக்கு உரியன ஆயின என்பது எண்ணி மகிழத்தக்கது.

இன்று அம்மரபு அருகிவிட்டது. 2022 சந்தோஷ் கோப்பை இறுதியில் கேரளமும் வங்கமும் கூடுதல் நேரத்திலேயே ஆளுக்கொரு கோல் அடித்துப் பின் பெனால்டியில் 5-4 எனக் கேரளம் வென்றது. கூடுதல் நேரம் வெற்றுச் சடங்கன்று என்பதற்கு இது நல்ல சான்று. 2023 டூரண்ட் கோப்பை அரையிறுதியில், 2-0 எனப் பின்தங்கிய ஈஸ்ட் பெங்காலுக்கு இறுதி நொடிகளில் சமநிலை தேடித் தந்தவர் சென்னையின் நந்தகுமார் சேகர். அவ்வணி பெனால்டியில் வென்றது.

கோப்பையைப் பகிர்ந்தால் வலிமை குறைந்த அணி சமநிலைக்கே ஆடும் என்பர். இது தள்ளத்தக்க வாதமன்று. ஆயின் அத்தகைய அணி இன்றும் பெனால்டியை எதிர்நோக்கித் தற்காப்பிலேயே ஆடுகின்றது. பகிர்வு இக்குறையைப் புதிதாகப் படைப்பதில்லை.

முடிவாக

இவற்றைத் தொகுத்து நோக்கின் சில கருத்துகள் தெளிவாகின்றன. கூடுதல் நேரம் காக்கப்பட வேண்டும். அஃது ஆட்டத்தை ஆட்டத்தாலேயே முடிக்க வாய்ப்பளிக்கின்றது. அந்நேரத்தில் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் 2018ஆம் ஆண்டு விதி, களைத்த உடலை மதிக்கும் விதி. அது சிறு போட்டிகளிலும் பின்பற்றத்தக்கது. அடுத்த சுற்றுக்கு ஓரணியே செல்ல இயலும் ஆட்டங்களில் பெனால்டி தவிர்க்க இயலாதது. அங்கு உதைக்கும் வரிசையை மாறிமாறி அமைத்தல் வேண்டும். சிக்கலானது என்பது நீதியை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. இறுதியாட்டத்தில், அதிலும் விளக்கொளி இல்லாத திடலில் பொழுது சாயும் வேளையில் முடியும் வட்டாரப் போட்டிகளின் இறுதியாட்டத்தில், கோப்பையைப் பகிர்ந்தளிக்கும் பழைய மரபை மீட்பதில் இழுக்கில்லை. இரு அணிச் சிறுவர் சான்றிதழிலும் 'முதலிடம்' என்று எழுதுவதால் எவர்க்கும் இழப்பில்லை.

நடுவர் என்னும் சொல்லும் நடுவுநிலைமை என்னும் சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். நடுவர் ஊதல் ஒலிக்கும் வரை ஆட்டக்காரர் கடமை. ஊதல் ஒலித்த பின்னும் உழைக்கச் சொல்லுமிடத்து, அவ்வுழைப்புக்கு உரிய மதிப்பை அளித்தல் விதி செய்வோர் கடமை. இதனை ஆலைச் சங்கோடு வாழ்ந்த வடசென்னை நன்கறியும்.